கரும்பொருளாக இருக்கலாம்

வெள்ளி, இரவு

இன்று நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதப் போகிறேன்.

உபஜில்லா அளவில், அதாவது துணை மாவட்ட அளவில், நடக்கும் அறிவியல் மேளாவில் பேச வகுப்பிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நாள். விண்வெளியிலிருந்து வந்து நொடிக்குள் மறைந்துவிடும் ரேடியோ வெடிப்புகளைப் பற்றி நான் பேசினேன். ரப்பர் தோட்டத்தில் காய் வெடித்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் எந்த மரம் என்று தெரியாமல் போகிறதல்லவா, அதுபோலத்தான் இதுவும் என்றேன். காந்த விசை மிகுந்த விண்மீன்களே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் (டார்க் மேட்டர்) கட்டிகள் நியூட்ரான் விண்மீனில் மோதுவதாகவும் இருக்கலாம் என்று முடித்தேன்.

என் பெஞ்சுக்காரி ஜெஸ்லின் எழுந்தாள். "கரும்பொருளு என்னதெண்ணு ஆருக்கும் தெரியாது. வெடிச்சது எதுக்கெண்ணும் தெரியாது. தெரியாத ரெண்டையும் சேர்த்து வச்சா தெரிஞ்சதாவுமா மக்கா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

"ஆவாது. அதுனாலதான் இருக்கலாம் எண்ணு சொன்னேன். ஒண்ணு தெரிஞ்சா மற்றதுக்கு வழி கிட்டுமாக்கும்."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "உறப்புதானா, நிச்சயந்தானா எண்ணு ஜட்ஜ் கேட்டா?"

"உறப்பில்லெண்ணு சொல்லுவேன் டீச்சர்."

"மார்க்கு போவும்."

"போவட்டும் டீச்சர்."

டீச்சர் கரும்பலகையில் மேளாவுக்கு என்று என் பெயரை எழுதினார்.

"நானும் வாறேன். சார்ட்டு பிடிக்க ஆளு வேண்டாமா?" என்றாள் ஜெஸ்லின், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்.

காரணம் கரும்பொருள் இல்லை என்று ஒருநாள் தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். ஆனாலும் தெரிந்துவிடுமே.

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.