வேலி அடைத்தவள்

மாசி 3, செவ்வாய்

கடும் பனி. வெங்காயத் தாளெல்லாம் நனைந்து கிடந்தது. செருப்பு அறுந்துபோச்சு, வெறுங்காலோடு புல் பிடுங்கினேன். பூனை குட்டி போட்டிருக்கிறது, அரிசி மூட்டைக்குப் பின்னால்.

வேலி முடிந்தது. கதியால் தடி நட்டு, பனையோலை வைத்து வரிந்து கட்டி, எல்லாம் நானும் அண்ணையும்தான். இந்த ஊரில் வேலி அடைக்கிறவர் காணிக்காரர். வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்துச் செய்கிறவர்கள் அதில் கை வைப்பதில்லை. அதனால்தான் போன மாதம் காணிக்கார ஐயாவிடம் கேட்டேன், "நான் அடைக்கலாமோ ஐயா?"

"கட்டாக்காலி மாடு தின்னட்டும் எண்டோ? அடை பிள்ளை." அண்ணை பக்கத்தில் நின்றவர்.

சந்தோசம். அப்பா அந்த வீட்டுக்கு அடிமை குடிமை வேலை செய்தவர், பின்பக்கத்தால்தான் போய் வருவார். என்னை நம்பிக் காணியையே தந்திருக்கிறார்கள்.

மாசி 6, வெள்ளி

ஐயா வந்தார். ரோட்டில் நின்று சத்தம், சந்தைக்குப் போகிற சனமெல்லாம் பார்க்க.

"ஆரைக் கேட்டு என்ரை காணியை அடைச்சனீ? அமுக்கப் பாக்கிறியோ?"

"நீங்கள்தானே ஐயா சொன்னியள்."

"நானோ? எப்ப?"

மூன்று வருடம் பற்றை வெட்டி, கல் பொறுக்கி, எரு தாட்டு எடுத்த மண். மண் திருந்தி வெங்காயம் விளைந்த பிறகு நான் கள்ளி.

எழுத்தில் ஒன்றும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு அவருக்கு, வாய்ப்பேச்சுத்தான். அந்த வீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க எங்கள் ஆட்களுக்கு நா எழாது. மடைச்சி நான். ஊர் அலுவலர் விதானையார், வழக்குக்கு முதல் சமரசம் பேசுகிற இணக்க சபைக்குப் போகச் சொன்னார்.

மாசி 20, வெள்ளி

நாளை இணக்க சபை. கொண்டுபோக: அடையாள அட்டை, குடை, பல்லுவலிக் குளிசை. அண்ணை. அவர் காதால் கேட்டதைச் சொன்னாலே போதும்.

"ஓம், வாறன்" என்றார். புட்டு வைத்தேன், சாப்பிடாமல் போய்விட்டார்.

மாசி 21, சனி

பள்ளிக்கூட மண்டபம். ஒரே புழுக்கம். தலைவர் கேட்டார், "ஐயா சொன்னதை வேறை ஆரும் கேட்டவையோ?"

அண்ணையைக் காட்டினேன்.

"எனக்கு ஞாபகம் இல்லை."

ஐயாவில் கோபம் வந்தது. அண்ணையில் அதுவும் வரவில்லை. ஒரு வயிற்றில் பிறந்தவர். இணக்கம் இல்லை என்று எழுதிக் கையில் தந்தார்கள்.

வெளியே ஐயா: "இனிக் காணிக்குள்ளை கால் வைக்காதை. ஏலுமெண்டால் வழக்குப் போடு."

பல்லுக் குளிசை போட மறந்துவிட்டேன்.

மாசி 22, ஞாயிறு

பனி குறைவு. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், மனம் கேட்கவில்லை.

தோட்டத்துக்குள் தண்ணி இறைக்கிற மிஷின் சத்தம். வேலிப் படலையில் நின்று பார்த்தேன். அண்ணை, மண்வெட்டியோடு, என் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டு. காணியை இப்போது அவருக்கு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என்னைக் கண்டார். "நானும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். பிறகு,

"தங்கச்சி, எத்தினை நாளுக்கு ஒருக்காத் தண்ணி விட்டனீ?"

வெங்காயம் என்ன பாவம் செய்தது. சொல்லிவிட்டு வந்தேன்.