சட்டத்துக்குக் கட்டின வீடுகள்

என்ரை அன்பான அண்ணை,

கோவத்தோடைதான் எழுதுறன். நீங்கள் இருந்தால் "விடு பிள்ளை, அவங்களும் என்ன செய்யிறது" எண்டிருப்பியள். அந்தச் சொல்லிலைதான் எனக்கு முதல் கோவம்.

பாரிசிலை ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையிலை நாள் முழுக்க அடுப்படியிலை நிண்டுபோட்டு, ஆறாம் மாடியிலை ஒரே அறைக்குள்ளை மச்சாளோடையும் ரெண்டு பிள்ளையளோடையும் கிடந்தியள். சுவரெல்லாம் பூஞ்சணம். நகரசபையிலை குறைஞ்ச வாடகை வீட்டுக்குப் பதிஞ்சு, வருசா வருசம் புதுப்பிச்சியள். ஒருக்காலாவது மேசையிலை அடிச்சுக் கேட்டியளா?

லா சப்பல் தண்டவாளப் பக்கம் பழைய களஞ்சியத்தை இடிச்சுப் புதுக் கட்டடம் எழும்பேக்கை, அதிலை ஒரு பங்கைக் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கவேணும் எண்டு நகரசபை கட்டாயப்படுத்தினது. வேலைக்குப் போற வழியிலை நிண்டு நிண்டு பாத்தியள். "எங்கடை மாடி எதுவோ" எண்டு சிரிச்சியள்.

கட்டி முடிஞ்சுது. அந்தப் பங்கு முழுக்க ஒற்றை அறை வீடுகள். நாலு பேருக்குக் குடுக்கேலாதாம்! பூஞ்சண அறைக்குள்ளை நாலு பேர் கிடக்கலாம், அதை ஆரும் தடுக்கேல்லை. நீங்கள் திரும்பவும் படிவம் நிரப்பினியள். மாரி முடிய முதல் நெஞ்சுவலியிலை போயிட்டியள்.

இப்ப நடந்ததைக் கேளுங்கோ. பக்கத்திலை அடுத்த கட்டடம் வருகுது. நகரசபையிலை கூட்டம் வைச்சவை. கட்டுற கொம்பனிக்காரர் வரைபடம் காட்டினார். நான் எழும்பி என்ரை உடைஞ்ச பிரெஞ்சிலை கேட்டன்: "இதிலை பிள்ளையள் எங்கை படுக்கிறது?"

"சட்டப்படி குடுக்கவேண்டிய பங்கு சரியாகத்தான் இருக்கு, மடாம்."

"சட்டத்துக்குக் கட்டுறியள், ஆக்களுக்குக் கட்டேல்லை. என்ரை அண்ணை காத்திருந்தே செத்தவர்."

கதிரையிலை இருக்கச் சொல்லிச்சினம். நான் இருக்கேல்லை. பின்னாலை மாலி நாட்டுத் தாய் ஒருத்தி எழும்பினா, பிறகு இன்னும் பத்துப் பேர். குடும்ப வீடு வேணும் எண்டு கூட்டக் குறிப்பிலை எழுத வைச்சுத்தான் வெளியாலை வந்தம். ரெண்டு மாதத்தாலை வரைபடம் மாறிச்சுது. அந்தப் பங்கிலை அரைவாசி மூண்டு அறை வீடு.

மச்சாளுக்கு அது இல்லை. அவவுக்குப் பாரிசுக்கு வெளியிலை, தூரத்திலை, கூசேன்வில்லிலை ஒரு வீடு கிடைச்சுது. சின்னவளுக்குத் தனி அறை. கதவைச் சாத்திப்போட்டு, உள்ளை வரவேண்டாம் எண்டு பிரெஞ்சிலை கத்துறாள். அந்தக் கத்தலை நீங்கள் கேக்கேல்லை. அதுக்காக நான் ஆரையும் மன்னிக்கமாட்டன். உங்களையும்தான்.

இனி இந்தப் பகுதியிலை எந்தக் கட்டடத்துக்குக் கூட்டம் வைச்சாலும் முன் வரிசையிலை இருப்பன். இது சத்தியம். மரியாதையாக் கதை எண்டு மட்டும் கேக்காதையுங்கோ.

உங்களோடை கூடப்பிறந்தும் உங்கடை பொறுமை வராத தங்கச்சி,
வதனி