நாலு எலுமிச்சம்பழம்

திருவொற்றியூர்,
12-3-1950

அன்புள்ள இசக்கியம்மாளுக்கு, சுயம்பு எழுதுவது. நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் சுகமா என்று இரண்டு வரி எழுதிப் போடு.

பட்டாளத்தார் விட்டுப்போன பழைய ஜீப்புக்கு வேறு கியர் பெட்டியும், அதை ஒட்டி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியும் மாட்டினேன். மூன்று நாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். நேற்று முதலாளி ஜெயவேலு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை.

"இன்னா சுயம்பு, பொட்டிய தப்பா மாட்டிக்கினியா?" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

எட்டிப் பார்த்தேன். ஏறும்போது அவர் முழங்கால் இடித்து டிரான்ஸ்பர் பெட்டியின் குட்டி லீவர் நடுவில் நின்றது. அங்கே நின்றால் எந்தச் சக்கரமும் சுற்றாது! அதை முன்னால் தள்ளினேன். பழங்கள் நசுங்க வண்டி கிளம்பியது.

ஒரு சுற்று ஓட்டி வந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் எலுமிச்சம்பயத்தோட மகிமை!" என்றார். என் மூன்று நாள் முதுகுவலிக்கு ஒரு வார்த்தை கிடையாது!

வண்டிக்கு அடியில் கிடந்ததில் தோளில் லேசான சிராய்ப்பு, அவ்வளவுதான்; அம்மாவிடம் சொல்லாதே. ஓட்டல் சோறு தொண்டையில் இறங்கவில்லை. உன் கையால் ஊறுகாய் போட்டு அனுப்பு. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

உன்,
சுயம்பு

ஊறுகாய் நார்த்தங்காயில் போடு. எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.