பக்கம் நான்கில் ஓர் அமரர்

வியாழன், ஒக்டோபர் 9
மழை. முழங்கால் வலி. பாரிஸ் லூயி-பிளாங் அச்சகத்திலிருந்து விழா மலர் வந்துவிட்டது. எங்கள் யாழ்ப்பாணத் தினசரியின் வரலாறு, எழுதியவன் அடியேன். கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பேப்பர் அடித்தது, கரண்ட் இல்லாமல் இயந்திரத்தைக் கையால் சுற்றியது, ஷெல் விழுந்த மறுநாளும் ராசிபலன் தவறாதது (அதை எழுதியவனும் அடியேனே), எல்லாம் உண்டு.

மனைவி புரட்டிப் பார்த்தாள். "படத்திலை வயிறு தெரியுது." விமர்சனம் முடிந்தது.

மாலை, விழா நடத்தும் குகன் போன்.

"அண்ணை, பிரதம விருந்தினர் கிடைச்சிட்டார். உங்கடை பழைய ஆசிரியர் ஐயா! இஞ்சை பக்கத்திலை, பொண்டியிலை மகளோடை இருக்கிறாராம்."

மலரைத் திறந்தேன். பக்கம் நான்கு: "அமரர் ஆசிரியர் ஐயா". போதாதற்கு "அன்னாரின் இழப்பு".

செத்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கனகாலமாகச் சத்தமில்லை, வயதும் எண்பதுக்கு மேல். எங்கள் ஆட்களின் வழக்கப்படி, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அமரர். என் முதல் பகிடிக் கட்டுரையை அச்சேற்றிய மனிதர்!

வெள்ளி
நித்திரை இல்லை. ஐயாவின் மகளுக்குப் போன் எடுத்தேன். "குளிர் ஐயாவுக்கு ஒத்துக்கொள்ளாதே, பிள்ளை?"

"அவர் இப்பவே கோட்டைப் போட்டுப் பாக்கிறார், அண்ணை. தன்னை எல்லாரும் மறந்திட்டினமெண்டு இருந்தவர்."

மறக்கவில்லை. புதைத்துவிட்டேன்.

சனி
ரூ பெர்தொனே, எங்கள் தமிழ்க் கடைத்தெரு. வாங்கியவை: வெள்ளை ஸ்டிக்கர், கத்தரிக்கோல், இரண்டு வடை (கவலைக்கு). குகனும் நானும் எல்லாப் பிரதியிலும் "அமரர்", "இழப்பு" மேல் ஒட்டினோம். என் மகள் எட்டிப் பார்த்தாள். கடையில் பழைய விலையை மறைத்த மாதிரி இருக்கிறதாம். பிரெஞ்சில் சொன்னதால் இன்னும் கொஞ்சம் குத்தியது.

ஞாயிறு
விழாவுக்கு ஐயா மகளோடு வந்தார். கோட், டை. மலரைக் கொடுத்தேன். நேரே பக்கம் நான்கு. ஒட்டியதைக் கண்டால் உரிக்காத பத்திரிகைக்காரன் உண்டா? நகத்தால் உரித்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, மற்றப் பேப்பர்காரனுக்கு முந்திச் செய்தி போட்டிட்டீர்."

"ஐயா..."

"இவ்வளவு அன்பா நீர் ஒருநாளும் எழுதேல்லை. ஆள் செத்தாத்தான் வரும்போலை."

கோபமா, பகிடியா? அன்றும் முகத்தில் தெரியாது, இன்றும் தெரியவில்லை.

"பிழை விட்டால் திருத்தம் போடுறதுதானே எங்கடை வழமை. மேடையிலை ஏறிப் போடும். பிறகு மிச்சத்தையும் வாசியும். ஒண்டும் விடாமல்."

ஏறினேன். "ஆசிரியர் ஐயா உயிரோடு இருக்கிறார்" என்றேன். சனம் சிரித்தது. மிச்சத்தை மலருக்குள் முணுமுணுத்தேன்.

முன்வரிசையிலிருந்து ஐயா: "சத்தமா வாசியும். என்ரை மகளுக்கும் கேக்கட்டும்."