ஃபோன் விழாத பாக்கெட்

அன்பு மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதும் கடிதம். இங்கே மூன்று பேரும் சுகம், அங்கே உன் சாப்பாடும் தூக்கமும் வேலையும் ஒழுங்காக நடக்கின்றன என்று நம்பிக்கொண்டுதான் தொடங்குகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, போன செவ்வாய்க்கிழமை தையல் மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது, நகத்தோரம்தான், கட்டுப் போட்டாயிற்று. கட்டுப் போட்டது உன் அப்பா. பஸ் டிப்போவில் ரப்பர் குழாய்க்கு டேப் சுற்றுகிற கை, என் விரலையும் விடவில்லை, இப்போது அது சோளக்கதிர் மாதிரி இருக்கிறது. ஃபோனில் எல்லாம் சொல்லலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற பத்து நிமிடத்தில் அப்பா பாதி, தங்கச்சி பாதி, எனக்கு மிஞ்சுவது உன்னுடைய சரிம்மா வெச்சிடறேன் மட்டும்தான். அப்பாவின் டிப்போ நண்பர் மகள் நாளைக் காலை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறாள், மறுநாள் உன்னைப் பார்ப்பாள். அவள் கையில் உனக்கு ஒரு நைட்டியும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன்.

நம் வியாபாரம் எப்படிப் போகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய், இன்றைக்கு ஆற அமரச் சொல்கிறேன் கேள். பாக்கெட் வைத்த நைட்டி என்று நான் ஆரம்பித்தபோது உன் அப்பா சிரித்தார், நைட்டிக்கு எதுக்குடி பாக்கெட், சில்லறை பொறுக்கவா என்று. ஆனால் ஒன்றைக்கூடத் தைப்பதற்கு முன்னால் பத்துப் பேரைக் கேட்டுவிட்டுத்தான் தைத்தேன், விற்பதற்கு முன்னால் கேள் என்று தங்கச்சியின் வணிகவியல் புத்தகத்தில் இருக்கிறதாம். மாடிவீட்டு டீச்சர் சொன்னதுதான் எனக்கு வேதவாக்கு. எனக்குப் பூவும் வேணாம் லேஸும் வேணாம், குனிஞ்சா ஃபோன் விழாத மாதிரி ஒரு பாக்கெட் வை, நீ சொல்ற விலைக்கு வாங்கிக்கறேன் என்றாள். அதையே தங்கச்சி ஃபோனில் திறந்து கொடுத்த எங்கள் கடைப் பக்கத்தின் தலையில் போட்டுவிட்டோம், குனிந்தாலும் ஃபோன் விழாது, அவ்வளவுதான். துணி நல்ல துணி, சாயம் போகாது, தையல் பிரியாது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன், தங்கச்சி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பத்து சொன்னா ஒண்ணும் நிக்காதும்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லு என்றாள். படம் எடுக்க ஆள் வேண்டுமே, நானே போட்டுக்கொண்டு நின்றேன், முகத்தைப் போடாதே என்று சொன்னதும் கழுத்தோடு வெட்டிவிட்டாள். டீச்சர் படத்தைப் பார்த்துவிட்டு, துணி பிரமாதம், தலையை எங்கே அடகு வெச்சே என்று கேட்டாள்.

விலை போட்டபோது துணி, நூல், உறை, தபால் எல்லாம் சேர்த்துவிட்டு என் கூலியை மறந்துபோனேன், தங்கச்சிதான் நீ என்ன ஓசியாம்மா என்று கேட்டுச் சேர்க்க வைத்தாள். யார் என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் போட்டுவிட வேண்டும், பொழுது விடிந்தால் அவர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், அதையும் கற்றுக்கொண்டேன். சித்தி கேட்டாள், அத்தை கேட்டாள், தைத்துக் கொடுத்தேன், ஆனால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. சொந்தக்காரர் வாங்குவது வியாபாரம் இல்லை, பாசம். என் முகம் தெரியாத ஒருத்தி தனக்கு வேண்டும் என்று தேடிவந்து வாங்கினால்தான் விற்றதாக அர்த்தம். அப்படி இந்த இரண்டு மாதத்தில் பதினாறு உருப்படி போயிருக்கிறது. ஒவ்வொன்றின் பாக்கெட்டுக்குள்ளும் குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்று ஒரு சீட்டு வைக்கிறேன். எல்லோரும் சூப்பர் சூப்பர் என்று பூவும் இதயமுமாக அனுப்புகிறார்கள், ஒரே ஒருத்தி மட்டும் வெளுத்து வாங்கிவிட்டாள். தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவளாம். நான் இடது கைக்காரி, நீங்க பாக்கெட்டை வலது பக்கம் வெச்சிருக்கீங்க, மாத்தித் தர முடியுமா முடியாதா, சும்மா ஓகே மேடம்னு போட்டுட்டு ஓடிடாதீங்க என்று எழுதியிருந்தாள். பிரித்து இடது பக்கம் வைத்து அனுப்பினேன், தன்னோடு வேலை செய்கிற இரண்டு பேருக்கு மறுவாரமே சொல்லிவிட்டாள், அந்த இரண்டும் பதினாறில் சேர்த்தி.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வருகிற முதல் தேதி சட்டைக் கம்பெனி வேலையை விட்டுவிடப்போகிறேன். பதினெட்டு வருடம் மற்றவர்கள் தைத்த சட்டையில் குறை பார்த்தாயிற்று, இனி என் தையலை நான் பார்த்துக்கொள்கிறேன். சூப்பர்வைசரிடம் லேசாகக் காதில் போட்டேன், போறதுன்னா போங்கக்கா, ஆனா திரும்பி வந்தா இந்த மேஜை இருக்காது, மூணு பேர் வரிசையில நிக்கறாங்க என்றான். நிற்கட்டும். நீ குளிரில் காதை மூடிக்கொண்டு போ, இரவுச் சாப்பாட்டை பிஸ்கட்டில் முடிக்காதே. விரல் வலிக்கவில்லை என்றாலும் வாய் வலிக்கிறது, மீதியைக் காலையில் சொல்கிறேன்.

*

அக்கா, இது தனித்தாள். அம்மா சொல்லி எழுதியது இல்லை, நானே எழுதுகிறேன். அம்மா படுத்துவிட்டாள். நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். அப்பாவின் குறட்டைதான் எனக்குக் காவல், அது நின்றால் என் பேனாவும் நின்றுவிடும். எழுதி முடித்ததும் நாலாக மடித்து உன் நைட்டியின் பாக்கெட்டுக்குள் வைத்துவிடுவேன். கடைப் பக்கத்திலேயே உனக்குச் செய்தி போட்டிருக்கலாம், ஆனால் இப்போது தினமும் சாயங்காலம் அம்மாவே எல்லாச் செய்தியையும் மேலிருந்து கீழ்வரை படிக்கிறாள், கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய்விட்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அந்தப் பதினாறில் பதிமூன்று உன்னுடையவை என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். முதல் இரண்டு வாரம் ஒருவரும் கேட்காமல் அம்மா முகம் வாடிப்போயிருந்தபோது நான்தானே உன்னிடம் சொல்லி அழுதேன். நீ உன் சிநேகிதிகளின் முகவரியாக அனுப்பினாய், பணமும் கட்டினாய், அம்மா கொஞ்சம் சிரிக்கட்டும், நீ மூச்சு விடாதே என்றாய். அளவு கேட்டேன், அதெல்லாம் யாருக்குத் தெரியும், எல்லாத்துக்கும் மீடியம் போடு என்றாய். நானும் போட்டேன். நீ சொன்னது சரிதான், அம்மா சிரித்தாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் அப்பாவை எழுப்பி அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்பாள், அப்பா தெரியாத ஊருக்கெல்லாம் பஸ் வழி சொல்லுவார். நாலாவது ஆர்டரோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் ஒரு வாரம் வராவிட்டால் அம்மா ஃபோனைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள், கெட்டுப்போய்விட்டதா என்று. அதைப் பார்க்க முடியாமல் நானே உன்னிடம் அடுத்த முகவரி கேட்டேன்.

இன்றைக்கு முகம் தெரியாத ஒருத்தி வாங்கினால்தான் விற்றதாக அர்த்தம் என்று அம்மா சொன்னபோது நான் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுதினேன். அந்த வரியில் மட்டும் எழுத்து கோணலாக இருக்கும், பார். முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் எத்தனை ஆர்டர் வரும்? உனக்கு எத்தனை சிநேகிதிகள்தான் இருக்கப்போகிறார்கள்? அந்த மேஜைக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டால் அம்மா எங்கே போவாள்? நானே சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை வயிறு வலிக்குதா என்று கேட்டாள். ஒரு தடவை ஃபீஸ் கட்டணுமா என்று கேட்டாள். மூன்றாவது தடவை ஒன்றும் கேட்காமல் என் தலையைக் கோதினாள், நான் எழுந்து வந்துவிட்டேன். சந்தையை அறிதல் என்ற பாடத்தில் எனக்கு முழு மதிப்பெண் அக்கா, அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், பொய்யான சந்தையைச் செய்து கொடுத்ததும் நான்தான்.

நீ இதைப் படித்தவுடன் கூப்பிட்டு, வேலையை விடாதே என்று மட்டும் சொல்லிவிடு. காரணம் வேறு எதையாவது சொல். நான் எழுதியதாகச் சொல்லாதே. குறட்டை நின்றுவிட்டது

*

மகளே, இனி எழுதுவது அம்மா. ஆள்காட்டி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவிரலால் எழுதுகிறேன், எழுத்து நண்டு நடந்த மாதிரி இருந்தாலும் படித்துக்கொள். விடிந்துவிட்டது, அப்பா பார்சல் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருக்கிறார். பாக்கெட்டைப் பார்க்காமல் நான் ஒரு உருப்படியையும் அனுப்பினதில்லை என்பது உன் தங்கச்சிக்கு எப்படித்தான் மறந்ததோ. கடைசி வரி பாதியில் நிற்கிறது, அப்பா புரண்டு படுத்திருப்பார். அவளை இன்னும் எழுப்பவில்லை. கன்னத்தில் பேனா மை அப்பியிருக்கிறது, தூங்கட்டும்.

அவளைத் திட்டாதே, உன்னையும் நான் திட்டப்போவதில்லை, திட்டுவதற்கு எனக்கே யோக்கியதை இல்லை. பதிமூன்று பேரும் மீடியம். இந்த உலகத்தில் பதிமூன்று பெண்கள் அடுத்தடுத்து ஒரே அளவிலா வருவார்கள்? கம்பெனியில் நூறு சட்டை வந்தால் ஐந்து அளவு வரும். அதுவும் உன் அளவு, நீ பிறந்ததிலிருந்து நான் தைக்கிற அளவு. அதற்குமேல் பதிமூன்று பேரில் ஒருத்திகூட ஒரு நூல் பிசிறு என்று சொல்லவில்லை. ஒரு மூட்டையில் ஒரு குறையும் இல்லை என்று நான் எழுதிக்கொடுத்தால் சூப்பர்வைசர் சட்டையைப் பார்க்கமாட்டான், என் கண்ணைத்தான் பார்ப்பான். போதாக்குறைக்கு அதில் நாலு பேர் ரொம்ப நல்லா இருக்கும்மா என்று எழுதியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்குகிற எவள் கடைக்காரியை அம்மா என்பாள்? கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, மனசுதான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தேதி, முதல் தேதி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தேன், யாராவது தடுக்கமாட்டார்களா என்று. என் சின்னவள் அடுப்படியில் நின்று தடுத்துவிட்டாள்.

அதனால் வேலையை விடவில்லை, பயப்படாதே. ஓவர்டைம் மட்டும் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், அந்த இரண்டு மணி நேரமும் சனிக்கிழமை மத்தியானமும் மிஷினுக்கு. உன் பதிமூன்றைக் கழித்துவிட்டேன். மிச்சம் மூன்று. அந்த டிக்கெட்காரிக்கு நான் யாரென்றே தெரியாது, என்னோடு சண்டை போட்டாள், பிறகு இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். காலையிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், உண்மையைச் சொன்னால் பதினாறுக்கு வந்த சந்தோஷத்தைவிட இது உடம்பில் நன்றாக ஒட்டுகிறது. இடது பக்கப் பாக்கெட்டும் கிடைக்கும் என்று நம் கடைப் பக்கத்தில் இன்றைக்கே போடச் சொல்லப்போகிறேன்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. உன் சிநேகிதிகள் பதிமூன்று பேரையும் கேள், அந்த நைட்டியைப் போடுகிறார்களா, மடித்து வைத்திருக்கிறார்களா, போடவில்லை என்றால் எது பிடிக்கவில்லை, நிஜமான அளவு என்ன. முகத்துக்காகச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லச் சொல். நீ கட்டின பணத்தைவிட எனக்கு அது பெரிசு. இன்னொரு ஆர்டர் உன் வழியாக வந்தால் தைத்து முடித்து நானே போட்டுக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

இந்த நைட்டி லார்ஜ். போன மாதம் நீ அனுப்பின படத்தில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாய், பார்க்க நிம்மதியாக இருந்தது. இதில் வேண்டுமென்றே ஒரு குறை விட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்து, எங்கே என்று கண்டுபிடித்து எழுது. சூப்பர்ம்மா என்று பதில் வந்தால் நான் படிக்கமாட்டேன். நீ நன்றாக இரு, உன் கையும் காலும் நோகாமல் இரு, எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்கட்டும். பதிமூன்று பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததில் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. காதை மூடிக்கொள்ள மறக்காதே.

குறையைக் கேட்டுக் காத்திருக்கும்,
உன் அம்மா