நாலு மணி நிழல்

என்னங்க,

நீங்களும் அத்தையும் சௌக்கியம்தானே? உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு இருமல் போயே போய்விட்டது, கவலைப்படாதீர்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நாங்கள் செய்கிற மெல்லிய பிலிமை ஆய்வுக்கூட ஜன்னலில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டியதே தெரியாது. வெயிலைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிட்டு, எவ்வளவு வந்தது என்று மட்டும் அளந்து சொல்லும். ஆனால் தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் அளவு சரிந்தது. மூன்று மாத உழைப்பு வீண் என்று எல்லோரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பிலிமைச் சுரண்டி எடுக்க எங்கள் மேடம் கத்தியோடு வந்ததும், நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

"எடுக்காதீங்க மேடம். பிலிம் மேல தப்பில்ல. நான்தான் தினம் வெளியே அந்த ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்கறேன்."

"அங்க உனக்கென்ன வேலை?"

"நாலு மணிதான் ஊர்ல எங்க பாப்பா ஸ்கூல் விட்டு வர்ற நேரம். அப்போ எனக்கு உள்ளே கை ஓடாது மேடம்."

மேடம் கத்தியை மடக்கிவிட்டு, பதிவேட்டில் 'நாலு மணி: பழுது இல்லை' என்று எழுதினார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

பாப்பாவின் உயரத்தை ஒரு நூலில் அளந்து கவரில் வைத்து அனுப்புங்கள். கவுன் தைக்கத்தான், வேறொன்றுமில்லை. வேலைக்குப் போகிற வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறார்கள். அளக்கும்போது அவளைக் குதிகால் தூக்க விடாதீர்கள். அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாளோ, அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா