மெயிலின் அடியில் யார் பேரு

உழவர்கரை, புதுச்சேரி
9.11.2007

அன்பு மகள் ஸமீஹாவுக்கு அம்மாவோட ஸலாம். அல்லாஹ் கிருபையில நானும் அத்தாவும் நல்லா இருக்கோம், சிங்கப்பூர்ல நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு எப்பவும் துஆ கேக்குறேன். மெயில்ல எழுதினா அத்தா எட்டிப் பார்ப்பார், அதான் லீவுக்கு வந்த உன் சிநேகிதி சுலோசனா கையில கொடுத்தனுப்புறேன்.

நம்ம தோல்பை பட்டறைக்கு பெல்ஜியத்துலேர்ந்து ஒரு கடைக்கார அம்மா மெயில் போட்டுச்சு, நான் பதில் எழுதினேன், சாம்பிளும் அனுப்பினோம், அப்புறம் சத்தமே இல்ல. திடீர்னு ஒரு மெயில், உங்க நம்பருக்கு எப்பப் பண்ணாலும் யாரோ ராங் நம்பர்ங்கிறார், நிஜமாவே கம்பெனி நடக்குதா, இல்லேன்னா வேற இடம் பார்க்கிறோம்னு. நான் அனுப்பின மெயிலுக்கு அடியில பார்த்தா, நீ போறப்போ தானா வர்ற மாதிரி போட்டுவெச்ச கையெழுத்து அப்படியே இருக்கு, அத்தா பேரு, இப்ப வேற யார்கிட்டயோ போயிட்ட உன் பழைய செல் நம்பர், ஓடாத ஃபேக்ஸ், ஆடுற ரோஜாப்பூ, அதுக்குக் கீழ பொன்மொழி வேற, நான் எழுதின மெயிலைவிட அதுதான் நீளம்! எல்லாத்தையும் அழிச்சுட்டு பேரு, வேலை, பட்டறை, ஊரு, முன்னால 91 போட்டு ஒரே நம்பர், அவ்ளோதான் வெச்சேன். பேருன்னு வந்தப்போ முதல்ல அத்தா பேரைத்தான் அடிச்சேன், அப்புறம் அழிச்சேன். எழுதுறது நான், பேசுறது நான், அப்புறம் என்னன்னு ஜஹபர் நிஷா, ஏற்றுமதி மேனேஜர்னு அடிச்சு, மன்னிப்பு கேட்டு அந்தம்மாவுக்கு அனுப்பிட்டேன்.

அத்தா பார்த்துட்டு எம்பேரு எங்கன்னார். வாசல் போர்டுல பெரிசா இருக்கேன்னேன். அதுக்கப்புறம் வஞ்சிரம் வறுத்து வெச்சும் மூஞ்சி மலரல. நேத்து போன் அடிச்சப்போ அவர்தான் எடுத்தார், அந்தம்மா மதாம் நிஷா வேணும்னு கேட்டிருக்கு. இவரு பள்ளிக்கூடத்துல படிச்ச பிரெஞ்சுல கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டு, பட்டறையே கேக்குற மாதிரி, மிஷினை நிறுத்துங்கப்பா, நம்ம மேனேஜரம்மாவுக்கு வெளிநாட்டுப் போன்னு ஒரு சத்தம் போட்டார் பாரு, எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துடுச்சு. ஆர்டர் கிடைச்சாச்சு, அல்ஹம்துலில்லாஹ்.

நீ மட்டும் ஆபீஸ் மெயில் அடியில இன்னும் டிரெய்னீன்னே போட்டுக்குற, வேலை நிரந்தரமாகி ரம்ஜானே போயிடுச்சு, யாருக்குடி கூச்சப்படுற, இதைப் படிச்ச கையோட மாத்து. தலைக்கு எண்ணெய் வை, வெறும் நூடுல்ஸ் சாப்பிடாத. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நிமிர்ந்த மனசையும் தரட்டும்.

உன் அம்மா
ஜஹபர் நிஷா